ஆலை போயிற்று - ஊர் இருக்கிறது!



சைக்கிள் நமக்குப் புதிதல்ல. கைப்பிடியிலே கொடி, பின்னால் பசைவாளி, முன்கம்பியிலே இன்னொரு தோழர் - இப்படித்தான் நம் இயக்கம் ஊர் ஊராகப் போயிற்று. சீமான்களிடம் கார் இருந்தது. நம்மிடம் கால் இருந்தது. காலுக்குக் கீழே இரண்டு சக்கரம் இருந்தது. அது போதும் என்று கிளம்பியவர்கள் நாம்!

இன்றும் ஒரு சைக்கிள் பயணத்துக்கு உங்களை அழைக்கிறோம். பக்கத்து ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு அல்ல. கடல் கடந்து, அமெரிக்காவுக்கு! பயணச்சீட்டு வேண்டாம், பெட்டி படுக்கை வேண்டாம். இந்தப் பத்திதான் வண்டி. ஏறிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா என்றதும் மனக்கண்ணில் என்ன வருகிறது? வானை முட்டும் மாளிகை, வழுக்கிச் செல்லும் கார், வெள்ளித்திரை வனிதையர்! அவையெல்லாம் படத்தில் வரும் அமெரிக்கா. படத்தில் வராத அமெரிக்கா ஒன்றும் உண்டு. உலை அணைந்த ஊர்கள், சுரங்கம் மூடிய ஊர்கள், இரயில் மறந்துவிட்ட ஊர்கள் அங்கே உண்டு. அந்த ஊர்களை ஊசியில் நூல் கோப்பதுபோலக் கோத்துக்கொண்டு போகிறது ஒரு சைக்கிள் தடம்.

பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை 150 மைல். 'கிரேட் அலெகேனி பாசேஜ்' என்று அதற்குப் பெயர். கம்பர்லாந்தில் அது முடிய, பழைய கால்வாய்க் கரைப் பாதை தொடர்கிறது. 184½ மைல் தள்ளித் தலைநகர் வாஷிங்டனில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 335 மைல். மோட்டார் வண்டிக்கு அங்கே இடமில்லை. நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்குமே பாதை!

பொழுதுபோக்கவா போகிறோம்? இல்லை. ஒரு கேள்விக்கு விடை தேடிப் போகிறோம். முதலாளி கைவிட்ட ஊர் என்ன ஆகிறது? பிழைக்கிறதா, சாகிறதா? பிழைத்தால், எதனால் பிழைக்கிறது?

தடம் பிறந்த கதை

முதலில் தடத்தின் வரலாறு. கம்பர்லாந்துக்கும் கானல்ஸ்வில் என்ற ஊருக்கும் இடையே மலையைக் குடைந்து, ஆற்றைத் தாண்டி, ஓர் இரயில் பாதை 1912-ல் திறக்கப்பட்டது. நிலக்கரி போயிற்று, இரும்பு வந்தது. 1975-ல், இனி இலாபமில்லை என்று கைவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பாலம் அநாதையாயிற்று, சுரங்கவழி இருண்டு கிடந்தது.

கைவிட்ட இரயில் பாதை என்பது என்ன? அகலம் குறைந்த, நீளம் மிகுந்த ஒரு துண்டு நிலம். ஒருவன் இங்கே பத்து கெஜம் வளைத்துக்கொள்வான், இன்னொருவன் அங்கே வேலி போடுவான். ஓரிடத்தில் அறுந்தால் போதும், பாதை பாதையாக இராது. பல தலைமுறை உழைப்பில் உருவானது ஒரே பத்திரப்பதிவில் போய்விடும்!

இந்த ஆபத்தை உணர்ந்து, 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஓடாத இரயில் பாதையைத் துண்டுபோடாமல், பொது அமைப்பிடம் ஒப்படைத்து, நடைபாதையாக வைத்திருக்கலாம். பிற்காலத்தில் இரயில் வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்தத் திருத்தம். நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நாம் சொல்லும் தடத்தின் முதல் துண்டு 1986-ல் ஒஹையோபைல் என்ற சிற்றூரில் திறக்கப்பட்டது. பிறகு துண்டு துண்டாக, மைல் மைலாக, ஊர்தோறும் தொண்டர் குழுக்கள் நின்று வளர்த்தன. 2013-ல்தான் பிட்ஸ்பர்க் நகரின் நடுவே வந்து சேர்ந்தது. கணக்குப் பாருங்கள், 27 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பொறுத்திருந்து போட்ட பாதை.

ஹோம்ஸ்டெட்: உலையும் நூலகமும்

பிட்ஸ்பர்க்கை விட்டு மொனாங்கஹீலா ஆற்றோரமாகச் சிறிது தூரம் மிதித்தால், ஹோம்ஸ்டெட். தோழர்களே, இங்கே சைக்கிளை நிறுத்துங்கள். தலையைத் தாழ்த்துங்கள். இது தொழிலாளர் இரத்தம் சிந்திய மண்.

1892. ஆண்ட்ரூ கார்னிஜியின் எஃகு ஆலை. நாள் ஒன்றுக்கு 12 மணி நேர வேலை. கூலியைக் குறைக்கிறோம், சங்கத்தை ஏற்க மாட்டோம் என்றார் நிர்வாகி ஹென்றி பிரிக். ஆலையைச் சுற்றி உயரமான வேலி எழுப்பினார், மேலே முள்கம்பி. உள்ளே இருந்தவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். முதலாளி கார்னிஜி எங்கே? ஸ்காட்லாந்தில், ஓய்வில்! அடிப்பது கணக்கப்பிள்ளை, ஆண்டை அயலூரில். இந்தத் தந்திரம் எந்த நாட்டில்தான் இல்லை?

ஜூலை 6. விடியுமுன் ஆற்றில் இரண்டு படகுகள் வந்தன. உள்ளே பிங்கர்ட்டன் கூலிப்படையினர் 300 பேர், கையில் துப்பாக்கி. கரையிலே தொழிலாளர், அவர் மனைவியர், மக்கள். வெடித்தது போர். பகல் முழுதும் நடந்தது. மாலையில் கூலிப்படை சரணடைந்தது. இருபுறமும் சேர்த்துக் குறைந்தது பத்து உயிர் போயிற்று, பெரும்பாலோர் தொழிலாளர்.

வென்றார்களா தொழிலாளர்? ஒரு நாள் வென்றார்கள். சில நாள் கழித்து மாநிலப் படை 8,000-க்கு மேற்பட்ட வீரருடன் வந்து இறங்கியது. ஆலை மீண்டும் ஓடியது, சங்கம் இல்லாமல்! 12 மணி நேர வேலை ஒழிய 1923 வரை காத்திருந்தார்கள். பெரிய எஃகு நிறுவனம் சங்கத்தை ஏற்க 1937 ஆயிற்று. 45 ஆண்டுகள்!

போராட்டம் நடந்து ஆறாண்டு கழித்து, 1898-ல், அதே ஊரை ஒட்டிக் கார்னிஜி ஒரு பெரிய நூலகம் கட்டித் திறந்தார். உலகெங்கும் அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,500-க்கு மேல். வள்ளல் என்றார்கள். நாம் நூலகத்துக்குப் பகைவரல்ல. கைக்காசு போட்டு ஓலைக் கொட்டகையில் படிப்பகம் நடத்தியவர்கள் நாம். ஆனால் ஒன்று கேட்கிறோம். 12 மணி நேரம் உலைமுன் வெந்தவன் எந்த நேரத்தில் நூலகம் போவான்? கூலியைக் குறைத்துக் கொடையை வளர்ப்பது, குளத்தை வற்றவைத்துத் தண்ணீர்ப்பந்தல் வைப்பதல்லவா?

அந்த ஆலை 1986-ல் மூடப்பட்டது. இடித்தார்கள். 1999-ல் அங்கே ஒரு கடைவளாகம் திறந்தார்கள். பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக, புகையில்லாமல் நிற்கின்றன. ஆற்றோரம் ஒரு பழைய இறைப்புநிலையம், கூலிப்படை கரையேறப் பார்த்த அதே இடத்தில் இன்றும் இருக்கிறது. அதை ஒட்டித்தான் தடம் போகிறது. மிதித்துவரும் இளைஞன் கால் ஊன்றி நிற்கிறான், பலகையைப் படிக்கிறான். முதலாளியின் மாளிகையைப் பார்க்க வந்தவனல்ல அவன். ஆனாலும் தொழிலாளி விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். இது முதல் பாடம்.

மக்கீஸ்போர்ட்: காலியான ஊர்

அடுத்தது மக்கீஸ்போர்ட். இரும்புக் குழாய் செய்த ஊர். 1940-ல் 55,000-க்கு மேற்பட்ட மக்கள். 2020-ல் 18,000 பேர் இல்லை! மூவரில் இருவர் குடும்பம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை நின்றது, அடுப்பு நின்றது, இளைஞர் நடந்தனர்.

இதே ஊரில் 1947 ஏப்ரலில் ஒரு சொற்போர் நடந்தது. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் டாப்ட்-ஹார்ட்லி மசோதா பற்றிய விவாதம். பேச வந்த இருவரும் புதிதாக நாடாளுமன்றம் சென்ற இளைஞர்கள். ஒருவர் ஜான் கென்னடி. மற்றவர் ரிச்சர்டு நிக்சன்! பின்னாளில் இருவரும் நாட்டின் தலைவர்களானார்கள். எங்கே போய்த் தொழிலாளர் சட்டம் பேசினால் உறைக்குமோ, அங்கே வந்து பேசியிருக்கிறார்கள். சிற்றூர் என்று எந்த ஊரையும் எண்ணிவிடாதீர்! நாட்டின் வழக்கு நடுவீதியில் நடந்த காலம் அவ்வூர்களுக்கு உண்டு.

வான் மீட்டர்: காத்தது யார்?

மொனாங்கஹீலாவை விட்டு யாக்கிகேனி ஆற்றோரமாகத் தடம் திரும்புகிறது. மரநிழல், நீரோசை, குளிர்காற்று. மனம் மயங்கும் வேளையில், வெஸ்ட் நியூட்டன் என்ற ஊரைத் தாண்டியதும், வான் மீட்டர்.

1907 டிசம்பர் 19. இங்கிருந்த டார் சுரங்கத்தில் வெடிப்பு. மாண்டவர் 239 பேர்! ஆடவரும் சிறுவரும். பலர் ஹங்கேரி முதலான நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் 71 பேரைப் புதைத்தார்கள். அவர்களில் 49 பேர் யாரென்றே தெரியவில்லை. பெயரில்லாமல் வந்து, எண்ணாக உழைத்து, எண்ணாகவே மண்ணில் போனார்கள்!

விசாரணை நடந்தது. என்ன சொன்னார்கள்? தடுக்கப்பட்ட பகுதிக்குள் தொழிலாளர் திறந்த விளக்கோடு போனதால் வெடித்தது என்றார்கள். நிறுவனத்தின்மேல் குற்றமில்லை என்றார்கள். ஆனால் அதன்பிறகு திறந்த விளக்கை மட்டும் நிறுத்திவிட்டார்கள்! குற்றமே இல்லையென்றால் விளக்கை ஏன் மாற்ற வேண்டும்? இறந்தவன் வாய் பேசாது என்ற துணிவுதானே!

இன்னொரு செய்தியும் உண்டு. அன்று அவர்களில் ஒரு பிரிவினருக்குப் புனித நிக்கலஸ் திருநாள். கோவிலுக்குப் போய்விட்டார்கள், சுரங்கத்தில் இறங்கவில்லை. ஏராளமானோர் தப்பினர். கடவுள் காத்தார் என்று சொல்லுவோர் உண்டு. அப்படியானால், அந்த 239 பேரைக் கைவிட்டவர் யார்? தோழர்களே, அன்று அவர்களைக் காத்தது விடுமுறை! வேலைக்கு வராத உரிமை. ஒருநாள் ஓய்வு ஓர் ஊரின் பாதி உயிரைக் காக்கும் என்றால், ஓய்வு கேட்பது சோம்பேறித்தனமா?

அதே மாதம் 6-ஆம் நாள், பக்கத்து மாநிலத்து மோனங்கா சுரங்கத்தில் 362 பேர் மாண்டிருந்தார்கள். இத்தனை பிணம் விழுந்த பின்னர்த்தான், 1910-ல், சுரங்கப் பாதுகாப்பை ஆராய நடுவணரசில் தனித்துறை ஏற்பட்டது. 2002 ஜூலையில் இதே தடம் போகும் சாமர்செட் வட்டாரத்தில், குவிகிரீக் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து ஒன்பது பேர் சிக்கினார்கள். 240 அடி ஆழம். மூன்று நாளுக்கு மேல். துளையிட்டுக் காற்றை அனுப்பினார்கள், நீரை இறைத்தார்கள், ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கினார்கள். காத்தது எது? கருவியும் கல்வியும் கைகளும்! ஒன்பது உயிருக்காக ஒரு நாடே விழித்திருந்தது. 1907-ல் 239 உயிருக்கு விழித்தவர் எத்தனை பேர்?

கானல்ஸ்வில்: பின்தங்கி முந்திய வீரர்

அடுத்து, கானல்ஸ்வில். தேன்கூடு வடிவில் செங்கல் அடுப்பு கட்டி, நிலக்கரியை இரண்டு மூன்று நாள் உள்ளேயே புழுங்கவைத்துக் கல்கரி செய்த ஊர். பிட்ஸ்பர்க் உலைகளுக்கு உணவு இங்கிருந்து போயிற்று. பிரிக் பணம் சேர்க்கத் தொடங்கியதும் இந்தக் கல்கரியில்தான். ஹோம்ஸ்டெட்டில் எரிந்த தீ, இங்கே பிறந்த தீ!

இந்த ஊரில் பிறந்தவர் ஜான் உட்ரப். கறுப்பின இளைஞர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். 1936-ல் ஹிட்லரின் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம். 800 மீட்டர் ஓட்டம். நடுவிலே மற்றவர்கள் சூழ்ந்து அடைத்துக்கொண்டார்கள். முன்னே போக வழியில்லை. இடித்துக்கொண்டு போனால் ஆட்டத்திலிருந்து நீக்குவார்கள். என்ன செய்தார்? ஏறத்தாழ நின்றேவிட்டார்! எல்லோரையும் முன்னே போகவிட்டார். பிறகு வெளிப்புறமாகச் சுற்றி வந்து, எல்லோரையும் முந்தி, தங்கம் வென்றார்! பரிசாகத் தந்த ஓக் மரக்கன்றைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார். அது இன்று அவ்வூர் விளையாட்டுத் திடலருகே பெருமரம்.

திரும்பி வந்தவருக்கு நாடு செய்த மரியாதையைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு, மேரிலாந்து மாநிலத்துக் கடற்படைக் கல்லூரியில் போட்டி. கறுப்பர் ஓடக் கூடாது என்றார்கள். உலகை வென்றவர் வீட்டில் இருந்தார்! ஹிட்லரின் மண்ணில் ஓடலாம். சொந்த மண்ணில் ஓடக் கூடாது. இந்த வேதனை நமக்குப் புரியாததா?

இதே ஊர் இரயில் நிலையத்தில், இரண்டாம் உலகப்போரின்போது, 1944 முதல் 1946 வரை ஊர்ப் பெண்கள் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். இரயிலில் போகும் போர்வீரர்க்குக் காசு வாங்காமல் உணவு. யாரும் கட்டளையிடவில்லை. வழிப்போக்கனுக்குச் சோறிடும் பண்பு அவ்வூரில் ஊறியிருந்தது. இன்று இரயில்வழி வரும் படைவீரர் கூட்டம் இல்லை. சைக்கிளில் வரும் வழிப்போக்கர் உண்டு.

காருக்கு ஊர் வேண்டாம், சைக்கிளுக்கு வேண்டும்

கானல்ஸ்வில்லிலிருந்து 17 மைல் போனால் ஒஹையோபைல். அருவி விழும் அழகு ஊர். நிலையாகக் குடியிருப்போர் நூறு பேர் இல்லை. அங்கிருந்து 10 மைல், மூன்று நீரோட்டங்கள் கூடும் கான்புளூயன்ஸ். நம் பவானிபோல அதுவும் ஒரு கூடுதுறை. பெயரின் பொருளே அதுதான்! பிறகு 18 மைலில் ராக்வுட். 12 மைலில் மேயர்ஸ்டேல். அங்கே பழைய இரயில் நிலையம் இன்று பயணிகளை வரவேற்கும் நிலையம். பக்கத்தில் 1,900 அடி நீளப் பாலம். இரயில் போன பாலத்தில், கீழே பள்ளத்தாக்கும் நெடுஞ்சாலையும் விரிய, நாம் மிதித்துப் போகிறோம்.

இந்த மைல் கணக்கை ஏன் சொல்லுகிறோம்? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காரில் போகிறவனுக்கு ஊர் தேவையில்லை. மணிக்கு 70 மைலில் பறக்கிறான். ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணில் படுமுன் ஊரே முடிந்துவிடுகிறது. அவன் வேண்டுவது பெட்ரோல். அதை எங்கோ ஒரு பெருநிறுவனம் விற்கிறது. சைக்கிளில் போகிறவன் அப்படியல்ல. பத்து மைலில் தாகம். இருபது மைலில் பசி. நாற்பது ஐம்பது மைலில் இருட்டு. தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும், படுக்கை வேண்டும், பஞ்சர் ஒட்ட ஒரு கை வேண்டும். அந்தப் பத்து மைலிலும் இருபது மைலிலும் இருப்பது எது? சிற்றூர்! அன்று சரக்கு ஏற்றவும் இறக்கவும் வரிசையாக எழுந்த ஊர்கள், சைக்கிள்காரனின் மூச்சுக்கு அளந்து வைத்ததுபோல் பொருந்திவிட்டன.

வேகம் மிகுந்தால் ஊர் அழியும். வேகம் குறைந்தால் ஊர் பிழைக்கும்! கான்புளூயன்ஸில் தங்கும் விடுதிகள் வந்தன. ஊர்தோறும் சிற்றுண்டிக் கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வந்தன. வெறிச்சோடிய கடைத்தெருவில் மாலையில் விளக்கு எரிகிறது.

'ஆகா, ஆலை போனாலென்ன, சைக்கிள் தடம் வந்ததே' என்று எவராவது பாடினால், அந்தப் பாட்டுக்கு நாம் தாளம் போட மாட்டோம். உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. எஃகு ஆலை ஓர் ஊரில் ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போட்டது. சங்கம் வந்தபின் நல்ல கூலியும் ஓய்வூதியமும் தந்தது. காப்பிக்கடை நாலு பேருக்கு வேலை தரும், அதுவும் வெயில் காலத்தில். மலையுச்சிச் சுரங்கவழியைக் குளிர்காலத்தில் பூட்டிவிடுகிறார்கள்; பனி பெய்யும் மாதங்களில் பயணி இல்லை, வரவும் இல்லை. ஆற்றோரத்து விடுதியால் அணைந்த உலையை ஈடுசெய்ய முடியாது. மக்கீஸ்போர்ட்டின் காலி வீடுகளே சாட்சி!

ஆனால் தோழர்களே, இதையும் எண்ணிப் பாருங்கள். ஆலையை முதலாளி மூடினான், ஊர் கேட்கமுடியவில்லை. ஏன்? ஆலை அவன் சொத்து. தடத்தை மூட எந்த முதலாளியாலும் இயலாது. ஏன்? தடம் பொதுச்சொத்து! சிறிதே ஆனாலும், பறிக்கமுடியாத பிழைப்பு. இரண்டாவது பாடம் இது. எது பொதுவில் இருக்கிறதோ, அது ஊரோடு இருக்கும். எது ஒருவன் பையில் இருக்கிறதோ, அது அவனோடு போகும்.

ஒரு கோடு

மேயர்ஸ்டேல் தாண்டித் தடம் மெல்ல உயர்ந்து 2,392 அடியைத் தொடுகிறது. அதுதான் நீர்பிரி முகடு. இந்தப் பக்கம் விழும் மழைத்துளி மெக்சிகோ வளைகுடாவுக்கு; அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக் கடலுக்கு. அதைத் தாண்டினால் பிக் சாவேஜ் மலைச்சுரங்கவழி, ஏறத்தாழ 3,300 அடி. வெளியே வந்ததும் தரையில் ஒரு கோடு குறித்து வைத்திருக்கிறார்கள்.

மேசன்-டிக்சன் கோடு! 1763 முதல் 1767 வரை இரண்டு நில அளவையாளர் அளந்தது. இரண்டு பிரபுக் குடும்பங்களின் எல்லைத் தகராறுக்காகப் போட்ட கோடு. ஆனால் வரலாறு அதற்கு வேறு பொருள் தந்தது. வடபுறம் பென்சில்வேனியா, 1780-லேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்த நாடு. தென்புறம் மேரிலாந்து, 1864 வரை அடிமையை வைத்திருந்த நாடு. அந்தப் பக்கம் நின்றால் ஆடுமாடு. இந்தப் பக்கம் கால் வைத்தால் ஆள்! 1850-ல் வந்த கொடுஞ்சட்டம், இந்தப் பக்கம் ஓடிவந்தவரையும் பிடித்துக் கொடுக்கச் சொன்னது. மண் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், மரம் ஒன்றுதான். இடையிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு.

நமக்கு இந்தக் கோட்டைத் தெரியும். 1924-ல் வைக்கத்தில் இதே கோட்டைத்தான் கண்டோம். கோவிலுக்குள் போகக்கூட அல்ல, கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டார்கள் மக்கள். தந்தை பெரியார் அங்கே போனார், இருமுறை சிறை புகுந்தார். தெருவில் செருப்புப் போடாதே, சைக்கிளில் ஏறி வராதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சேரித் தோழனுக்குச் சொன்ன தெருக்கள் நம் நாட்டில் இருந்தன. ஆகவே, 'பாதை' என்ற சொல்லின் பொருள் நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. எவரும் போகலாம் என்றால்தான் அது பாதை. ஒருவனைத் தடுத்தாலும் அது வேலி!

கால்வாய்க் கரை

கோட்டைத் தாண்டினால் இறக்கம். மிதிக்கவே வேண்டாம்; பிராஸ்ட்பர்க் வழியாக வண்டி தானே கம்பர்லாந்துக்கு ஓடுகிறது. இங்கே இரயில் தடம் முடிகிறது, கால்வாய்க் கரை தொடங்குகிறது.

1828 ஜூலை 4. ஒரே நாளில் இரண்டு வேலைகள் தொடங்கின. ஒன்று கால்வாய், மற்றொன்று இரயில் பாதை. கம்பர்லாந்துக்கு இரயில் 1842-ல் வந்தது. கால்வாய் 1850-ல் வந்தது. தோற்ற கால்வாய் என்றாலும், கோவேறு கழுதை படகிழுக்க, 1924 வெள்ளம் வரை உழைத்தது. பிறகு இரயிலை லாரி வென்றது. மலைவழி போன இன்னொரு இரயிலும் போயிற்று. இரண்டும் போன வழியில் இன்று சைக்கிள் போகிறது!

கால்வாயை வெட்டியவர் யார்? பெரும்பாலும் அயர்லாந்து ஏழைகள். காலராவில் மடிந்தார்கள், கூலிக்குத் தவித்தார்கள். 1834 ஜனவரியில் வில்லியம்ஸ்போர்ட் அருகே கலவரம். யாரோடு யார் மோதினார்கள்? கார்க் மாவட்டத்தார் ஒருபுறம், லாங்போர்டு மாவட்டத்தார் மறுபுறம்! பசி ஒன்று, மண்வெட்டி ஒன்று, பிறந்த இடம் மட்டும் வேறு. ஜனாதிபதி ஜாக்சன் பட்டாளத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறில் அமெரிக்க நடுவணரசுப் படை நுழைந்தது அதுவே முதல் முறை. பிரிந்து நின்றவர் இருசாராரையும் ஒரே துப்பாக்கி அடக்கியது!

இந்தக் கதையை வேறு நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட பெருமை நமக்கு உண்டு. மூன்றே ஆண்டில், 1921 பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிளந்து நின்றனர். புளியந்தோப்பில் ஏழைக் குடிசைகள் எரிந்தன. அந்தச் சிறுமையும் நம்முடையது. அந்த ஆலையும் 1996-ல் மூடிவிட்டது. எந்தச் சாதிக்காரனுக்கு அது விதிவிலக்குத் தந்தது?

கால்வாய்க் கரையை 1950-களில் கார்ச்சாலையாக்க முயன்றார்கள். பத்திரிகை ஒன்று தலையங்கமும் தீட்டியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், 'என்னோடு நடந்து பாருங்கள்' என்று எழுத்தாளர்களை அழைத்தார். 1954 மார்ச்சில் முழுக் கரையையும் நடந்தார். 1971-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. நீதிபதியின் தீர்ப்பு செய்யாததை நீதிபதியின் நடை செய்தது!

ஹார்ப்பர்ஸ் பெர்ரி

வாஷிங்டனுக்கு ஏறத்தாழ 60 மைல் இருக்கையில், ஆற்றின் எதிர்க்கரையில் ஹார்ப்பர்ஸ் பெர்ரி. நடைபாலம் கடந்து போய்ப் பாருங்கள். 1859 அக்டோபர் 16 இரவு, ஜான் பிரவுன் என்ற வெள்ளையர் 21 தோழருடன் இங்கே படைக்கலச்சாலையைக் கைப்பற்றினார். அவர்களில் ஐவர் கறுப்பர். அடிமைகளைத் திரட்டி விடுதலைப் போர் தொடங்க எண்ணினார். இரண்டே நாளில் பிடிபட்டார். டிசம்பர் 2-ல் தூக்கு. பைத்தியக்காரன் என்றார்கள். ஆறே ஆண்டில், 1865-ல், அடிமைமுறை அரசியல் சட்டத்திலேயே ஒழிந்தது! யார் பைத்தியக்காரர்? 1906-ல், இதே ஊரில், டுபாய்ஸ் முதலான கறுப்பினத் தலைவர்கள் கூடிச் சம உரிமை கேட்டனர். சிற்றூர்தான், ஆனால் சிந்தனை எழுந்த ஊர்.

அங்கிருந்து ஆற்றோரம் தலைநகர் வரை பாதை போகிறது. வெள்ளை மாளிகையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதைக் காட்ட வழிகாட்டிகள் பலர் உண்டு. நாம் இங்கே சைக்கிளைத் திருப்புகிறோம், நம் ஊருக்கு.

உங்கள் ஊரில் மூடிய ஆலை உண்டா? அதன் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது? அங்கே உழைத்தவர் பெயர் எந்தச் சுவரிலாவது எழுதப்பட்டிருக்கிறதா? உங்கள் ஊர்ப் பொதுவழி, வண்டிப்பாதை, ஏரிக்கரை - எங்கே வேலி முளைத்திருக்கிறது? கிளைக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைப் போடுங்கள். வயதான தொழிலாளியை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். புறம்போக்கு என்று ஒரு சொல்லைச் சொல்லி வளைத்துக்கொள்ள வருபவனிடம், 'இது பொதுவழி' என்று சொல்லுங்கள்.

அதற்குக் கார் வேண்டாம். பழைய சைக்கிள் போதும். காற்றடித்து வையுங்கள்!